அந்தக் கட்டில் அவசியந்தானா?

மொன்றியல் டவுன்டவுனில் ரெனே-லெவெக் பெருந்தெருவின் கிழக்குப் பக்கம் நிற்கிறது 'ஷூம்', அதாவது 2017இல் புதிய கட்டடத்தில் திறந்த மொன்றியல் பல்கலைக்கழக வைத்தியசாலை. அதே தெருவில் மேற்கே நடந்தால் 500ஆம் இலக்கத்தில் கியூபெக் நிர்வாகத் தீர்ப்பாயம். கொஞ்சம் வடக்கே, டி மெசோனெவ் தெரு 425இல், மாகாண மருத்துவக் காப்புறுதிச் சபையான 'ராம்க்'கின் அலுவலகம். டோர்செஸ்டர் சதுக்கத்துக்கு வந்தால் சன் லைப் கட்டடம். 1865இல் இந்த நகரில் தொடங்கி, 1978இல் தலைமையகத்தை ரொறன்ரோவுக்கு மாற்றப்போவதாக அறிவித்துப் பெரிய அரசியல் சண்டையைக் கிளப்பிய காப்புறுதி நிறுவனத்தின் பழைய வீடு அது. நோயாளியைக் கிடத்தும் இடம், அதற்குக் காசு கொடுக்கும் இடம், கொடுக்க மறுத்தால் முறையிடும் இடம் எல்லாமே ஒரு பின்னேர நடைக்குள் அடங்கிவிடுகின்றன.

இவற்றுக்கு நடுவே ஓடும் கேள்வி ஒன்றுதான். நோய் உண்மை, மருந்தும் சரி, ஆனால் அதற்காக வைத்தியசாலையில் கட்டில் போட்டுப் படுக்க வேண்டியிருந்ததா? காப்புறுதிக்காரர் இதைப் பல விதமாகக் கேட்பார். மாத்திரையை வீட்டிலிருந்தே விழுங்கியிருக்கலாமே என்பார். மூன்றாம் நாளே அனுப்பியிருக்கலாம், ஏன் ஏழு நாள் என்பார். வந்தது பரிசோதனைக்குத்தானே என்பார். கேட்கிறவர் நோயாளியின் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு கோப்பு. அந்தக் கோப்பில் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது: நோயாளி பிழைத்தார், வீடு போனார். முடிவு தெரிந்த பிறகு தொடக்கத்தை எடைபோடுவது சுலபம். இந்தப் பிணக்குகளின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கனடாவில் இப்படி ஒரு பிணக்கே கிடையாது என்று நம்முடைய ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. சஸ்காச்சுவன் மாகாணம் 1947இல் வைத்தியசாலைக் காப்புறுதியைத் தொடங்கியது. 1957இல் மத்திய அரசு அதற்குச் சட்டம் செய்து செலவில் பங்கு தர முன்வந்தது. கியூபெக் தயங்கி நின்று, ஜோன் லெசாஜ் ஆட்சிக்கு வந்த பின் 1961 ஜனவரி முதலாம் திகதி சேர்ந்துகொண்டது. மருத்துவரின் கட்டணமும் 1970 நவம்பரில் பொதுக் காப்புறுதிக்குள் வந்தது. 1984இன் கனடா சுகாதாரச் சட்டம் மருத்துவ ரீதியில் அவசியமான வைத்தியசாலைச் சேவை அனைத்தையும் மாகாணங்கள் காப்புறுதிக்குள் வைத்திருக்க வேண்டும் என்றது. ஆனால் எது அவசியம் என்பதை அந்தச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. மாகாணங்களும் மருத்துவர்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. 2004 நவம்பரில், பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்த ஓட்டன் வழக்கில், அவசியமான சிகிச்சை எல்லாவற்றுக்கும் பணம் தருவதாக இந்தச் சட்டம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இருந்தாலும் சூரியன் படம் போட்ட ராம்க் அட்டை கையில் இருப்பவருக்கு, வீடு திரும்பிய பிறகு 'நீங்கள் படுத்தது தேவையில்லை, பணத்தைக் கட்டுங்கள்' என்று கடிதம் வருவதில்லை. வைத்தியசாலை தன் செலவுக்கு அரசிடமிருந்து நிதி பெறுகிறது. நோயாளியின் ஒவ்வொரு இரவுக்கும் தனித்தனியாக ஒரு நிறுவனத்திடம் பில் நீட்டி வாதாட வேண்டியதில்லை. எனவே அந்தக் கேள்வி வெளியேறும் வாசலில் கேட்கப்படுவதில்லை. உள்ளே நுழையும் வாசலுக்கு அது நகர்ந்துவிட்டது. அவசரப் பிரிவின் நடைக்கூடத்தில் தள்ளுகட்டிலில் கிடந்தபடி, மேல்மாடியில் இடம் காலியாகும்வரை காத்திருந்தவர்களுக்கு அது தெரியும். சத்திரசிகிச்சைக்குத் திகதி கேட்டு அலைந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்படி அலைந்தவர்களில் இருவர் சட்ட வரலாற்றில் ஏறினார்கள், இருவரும் மொன்றியல்காரர்கள். ஒருவர் பரி ஸ்டைன் என்ற வழக்கறிஞர். பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. இங்கே குறித்த சத்திரசிகிச்சை தள்ளிக்கொண்டே போனது. அவர் நியூயோர்க் போய்ச் செய்துகொண்டார். ராம்க் பணம் தர மறுத்தது, நிர்வாகத் தீர்ப்பாயமும் மறுப்பை ஏற்றது. 1999இல் கியூபெக் மேல் நீதிமன்றம், அந்த முடிவு நியாயத்துக்குப் பொருந்தாதது என்று தள்ளிவிட்டது. பிழைத்த அவர் பின்னர் பெருங்குடல் புற்றுநோயாளிகளுக்கான கனடிய அமைப்புக்குத் தலைமை ஏற்றார். இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று. சிகிச்சை அவசியம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அது இங்கேயே கிடைக்கக்கூடியது என்று கோப்பு சொன்னது. கிடைக்கக்கூடியது என்பதும் உரிய நேரத்தில் கிடைத்தது என்பதும் வேறுவேறு என்பதை நீதிமன்றம் போய்த்தான் நிறுவ வேண்டியிருந்தது.

மற்றவர் ஜோர்ஜ் ஸெலியோட்டிஸ். இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு 1990களில் நீண்ட காலம் காத்திருந்தவர். ஜாக் ஷாவுலி என்ற மருத்துவருடன் சேர்ந்து அவர் தொடுத்த வழக்கு, பொதுக் காப்புறுதி தரும் சேவைக்குத் தனியார் காப்புறுதி எடுக்கக் கூடாது என்ற கியூபெக் தடையைக் குறிவைத்தது. 2000இல் மேல் நீதிமன்றத்தில் தோல்வி, 2002இல் மேன்முறையீட்டில் தோல்வி, 2005 ஜூன் 9இல் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வெற்றி. பட்டியலில் பெயர் இருப்பது வைத்தியம் கிடைத்ததாகாது என்பதே பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். கியூபெக் அரசு அடுத்த ஆண்டு கதவைக் கொஞ்சம் மட்டும் திறந்தது: இடுப்பு, முழங்கால், கண்புரைச் சிகிச்சைகளுக்குத் தனியார் காப்புறுதி அனுமதி. நாட்டின் பொது மருத்துவமே இடிந்துவிடும் என்று அப்போது எழுந்த கூச்சலை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அந்த மூன்றுக்கும் காப்புறுதி விற்க நிறுவனங்கள் முண்டியடித்துக்கொண்டு வரவில்லை.

அட்டை உள்ளவருக்குக் கேள்வி இன்னொரு வடிவத்திலும் வரும், பெரும்பாலும் முதியவர்களுக்கு. கடும் சிகிச்சை முடிந்துவிட்டது, ஆனால் வீட்டில் பார்க்க ஆளில்லை, பராமரிப்பு இல்லத்தில் இடமும் இல்லை. கட்டில் இப்போது மருத்துவத் தேவை அல்ல, குடியிருப்பு என்று கணக்கு மாறுகிறது. ஒன்ராறியோ இதில் கடுமையாகப் போய், 2022 நவம்பரிலிருந்து ஒதுக்கிய இல்லத்துக்குப் போக மறுப்பவரிடம் வைத்தியசாலை நாளுக்கு 400 டொலர் அறவிட வழிசெய்தது.

ஆனால் தமிழ்க் குடும்பங்கள் உண்மையில் அடிபடுவது இங்கெல்லாம் அல்ல. அட்டை இல்லாத அப்பா அம்மாவின் கட்டிலருகில்தான் அடிபடுகிறார்கள்.

2011 டிசம்பரில் வந்த சூப்பர் விசா பெற்றோரையும் பாட்டா பாட்டியையும் நீண்ட காலம் கூட வைத்திருக்க வழி தந்தது. 2022இலிருந்து ஒரே வருகையில் ஐந்து ஆண்டுவரை தங்கலாம். நிபந்தனைகளில் ஒன்று, குறைந்தது ஓராண்டுக்கு 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி. குடும்பங்கள் அதை விசாவுக்கான காகிதம் என்று நினைத்து மலிவானதைத் தேடி வாங்குகின்றன. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் எத்தனை நாள் படுத்தாலும் பில் காணாத மனிதர்கள் இங்கே வந்து இறங்குகிறார்கள். கியூபெக் வைத்தியசாலைகளோ காப்புறுதியற்ற வெளிநாட்டவரிடம் மாகாண நாள்வீதத்துக்கு மேல் இன்னும் 200 சதவீதம் சேர்த்து, அதாவது மூன்று மடங்காக, அறவிடுகின்றன. ஒரு வாரம் படுத்தால் ஒரு காரின் விலை என்று சொன்னால் அது மிகைப்படுத்தலாகாது.

பிணக்கு வழக்கமாக இப்படி வளர்கிறது. எழுபதை நெருங்கிய ஒருவர், பிரஷர் மாத்திரை எடுப்பவர், இரவில் நெஞ்சு நோகிறது என்கிறார். பிள்ளைகள் அவசரப் பிரிவுக்குக் கொண்டு ஓடுகிறார்கள். காப்புறுதியின் உதவி இலக்கத்துக்கு அனுமதிக்கு முன்பே அழைக்க வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறது, அது யாருக்கும் நினைவில் இல்லை. மருத்துவர் வார்டில் வைத்துக்கொள்கிறார். நிறுவனம் முதலில் பழைய நோயைத் தோண்டும்: வருவதற்கு முந்தைய 90 அல்லது 180 நாட்களில் மாத்திரையின் அளவு மாறியதா? மாறியிருந்தால் நோய் 'ஸ்டேபிள்' இல்லை, ஒப்பந்தம் காக்காது. இந்தத் தடையைத் தாண்டினால் அடுத்தது காத்திருக்கும்: அவசரம் எப்போது முடிந்தது? பல பயணக் காப்புறுதிகளில், நோயாளி விமானம் ஏறத் தகுதியானவர் என்று நிறுவனத்தின் மருத்துவ அதிகாரி முடிவு செய்துவிட்டால் அதோடு அவசரம் முடிந்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகான இரவுகள் குடும்பத்தின் தலையில். வார்டில் நின்று பார்க்கும் மருத்துவர் இன்னும் நாலு நாள் வேண்டும் என்கிறார், தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் கொழும்புக்கு அனுப்பலாம் என்கிறார். இருவரும் மருத்துவர்கள். ஒருவருடைய சொல்லுக்கு மட்டும் பணப்பெட்டியின் சாவி இருக்கிறது.

புதிதாகக் குடியேறி வந்தவர்களுக்கும் இந்த இடைவெளி உண்டு. ராம்க் பலருக்கு மூன்று மாதம்வரை காத்திருக்கச் சொல்கிறது. அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு அது இல்லை. கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களை மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் பார்த்துக்கொள்கிறது. 2012இல் ஹார்ப்பர் அரசு அதை வெட்டி, சில பிரிவினருக்குப் பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்றால் மட்டுமே சிகிச்சை என்று ஆக்கியது. அப்போது 'அவசியம்' என்பதன் பொருள் நோயாளியின் உடம்பை விட்டு விலகி அடுத்தவரின் பயத்தில் போய் நின்றது. 2014 ஜூலையில் நீதியரசர் ஆன் மக்டாவிஷ் அந்த வெட்டைச் சட்டவிரோதம் என்றார். 2016 ஏப்ரலில் திட்டம் முழுதாகத் திரும்பியது.

இதே பிணக்கைச் சென்னையில் தேடினால் அது வேறு சட்டையில் நிற்கும். இந்தியக் காப்புறுதி ஒழுங்காற்று ஆணையம் அவசியமான சிகிச்சைக்கு ஒரு பொது வரையறையையே எழுதிவைத்திருக்கிறது: நோயைக் கையாள அது தேவைப்பட வேண்டும், பாதுகாப்பான சிகிச்சைக்கு வேண்டிய அளவை மிஞ்சக் கூடாது, மருத்துவர் எழுதித் தந்திருக்க வேண்டும், மருத்துவ உலகம் ஏற்ற தரத்துக்குப் பொருந்த வேண்டும். படிக்க நேர்த்தியாக இருக்கிறது. மிஞ்சக் கூடாது என்ற இரண்டாவது நிபந்தனையில்தான் கிளெய்ம்கள் செத்துப்போகின்றன. கூடவே ஒழுங்குபடுத்தப்பட்ட விலக்குப் பட்டியலில் நாலாம் இலக்கம் இருக்கிறது: பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டும் அனுமதிக்கப்பட்டால் பணம் இல்லை. நெஞ்சுவலி என்று வந்தவரை இரண்டு நாள் வைத்துப் பார்த்து, ஈசிஜியும் இரத்தமும் சரியாக வந்துவிட்டால், அந்த நல்ல செய்தியே கெட்ட செய்தியாகிவிடும். மாரடைப்பு வந்திருந்தால் பணம் கிடைத்திருக்கும்.

கொரோனாவின்போது இது ஊர் முழுக்க நடந்தது. லேசான தொற்றுக்கு வீட்டில் தனிமைப்படுத்தினால் போதும் என்ற அரசின் வழிகாட்டலைக் காட்டியே வைத்தியசாலையில் படுத்தவர்களின் கோரிக்கைகள் மறுக்கப்பட்டன. மூச்சு எந்த நாளில் திணறும் என்று எவருக்கும் தெரியாத நோய் அது. 2020 ஜூலையில் வந்த கொரோனா கவச் திட்டம் 14 நாள்வரை வீட்டுச் சிகிச்சைக்கும் பணம் தந்து இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. அதே ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கை, காசில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் பதில், வெளியேறும்போது மூன்று மணி நேரத்தில் இறுதி அனுமதி, குழு ஒன்று பார்க்காமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது என்றெல்லாம் கட்டளையிட்டது. மறுக்கப்பட்டவர் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை, 50 இலட்சம் ரூபாய்வரை தீர்ப்பளிக்கலாம், அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். கனடாவில் தனியார் காப்புறுதிக்கு இருக்கும் குறைகேள் சேவைகள் பரிந்துரைதான் செய்ய முடியும். இந்த ஒரு விஷயத்தில் மொன்றியல் தேனாம்பேட்டையிடம் கற்றுக்கொள்ளலாம்.

அமெரிக்கா இந்தக் கேள்வியைத் தனித் தொழிலாகவே ஆக்கிவிட்டது. முதியோருக்கான மெடிக்கேயரில், நோயாளி இரண்டு நள்ளிரவைத் தாண்டி இருக்கவேண்டி வரும் என்று மருத்துவர் எதிர்பார்த்தால் அது உள்நோயாளி அனுமதி என்ற விதி 2013 அக்டோபரில் வந்தது. அதற்குக் குறைவென்றால் 'அவதானிப்பு'. ஒரே கட்டில், ஒரே தாதி, ஒரே சூப். ஆனால் அவதானிப்பில் வைத்த நாட்கள், பின்னர் பராமரிப்பு நிலையத்துக்குப் பணம் கிடைக்கத் தேவையான மூன்று உள்நோயாளி நாட்களுக்குள் எண்ணப்படாது. உள்நோயாளியாக அனுமதித்த பிறகு அவதானிப்பாக மாற்றப்பட்டவர்கள் 2011இல் தொடங்கிய கூட்டு வழக்கில் மேன்முறையிடும் உரிமையை வென்றார்கள். அவர்களுக்கான நடைமுறை 2025இல்தான் வந்தது. 2023 நவம்பரில் இன்னொரு வழக்கு, பெரிய நிறுவனமொன்று கணினிக் கணிப்பை வைத்து முதியோரின் பராமரிப்பு நாட்களை வெட்டியதாகக் குற்றஞ்சாட்டியது. அடுத்த ஆண்டு கலிபோர்னியா, மருத்துவ அவசியம் பற்றிய மறுப்பை மருத்துவ உரிமம் பெற்ற மனிதர்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் செய்தது.

அதே கலிபோர்னியாவில் 1986இல் முடிந்த விக்ளைன் வழக்கு இன்றும் படிக்க வேண்டியது. இரத்தக்குழாய்ச் சிகிச்சைக்குப் பின் மருத்துவர் எட்டு நாள் கூடுதலாகக் கேட்டார். அரச மருத்துவத் திட்டம் நாலு நாள் கொடுத்தது. அவர் மறுபேச்சில்லாமல் அனுப்பிவிட்டார். நோயாளி காலை இழந்தார். பணம் தருபவரின் முறை பழுதாக இருந்தால் அவரும் பொறுப்பேற்க வேண்டி வரலாம் என்று சொன்ன நீதிமன்றம், இந்த வழக்கில் பொறுப்பை மருத்துவரிடமே வைத்தது. எதிர்த்து ஒரு வரிகூட எழுதாமல் பணிந்துபோனவர், கடைசியில் காப்புறுதியைக் காரணம் காட்ட முடியாது.

எல்லாவற்றையும் பார்த்தால், சரியான இடத்தில் விரல் வைத்தது ஜேர்மனி என்றே எனக்குப் படுகிறது. அங்கே வைத்தியசாலைகளும் நோய்க் காப்புறுதி நிதியங்களும் இதே கேள்வியில் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. 2007 செப்டம்பரில் சமூக உச்ச நீதிமன்றத்தின் பேரமர்வு இரண்டு விஷயம் சொன்னது. அனுமதித்த மருத்துவர் சொன்னார் என்பதற்காகவே நீதிமன்றம் கண்ணை மூடி ஏற்காது, அவசியத்தைத் தானே முழுதாக ஆராயும். அதே நேரம், அந்த மருத்துவருக்கு அந்த வேளையில் தெரிந்தவற்றை வைத்துத்தான் அளக்கும், பின்னால் தெரியவந்ததை வைத்து அல்ல. மருத்துவருக்கு வெற்றுக் காசோலையும் இல்லை, கணக்காளருக்குப் பிற்புத்தியும் இல்லை. நெஞ்சுவலிக்காரரின் ஈசிஜி மறுநாள் சரியாக வந்தது, முந்தின இரவில் அவரைப் படுக்கவைத்ததைத் தவறாக்காது.

காப்புறுதிக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. காப்புறுதி இருக்கிறது என்று தெரிந்ததும் கட்டில் நாட்களை நீட்டும் தனியார் வைத்தியசாலைகளைச் சென்னையிலும் கொழும்பிலும் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். அந்தப் பணம் மற்றவர்களின் சந்தாவிலிருந்துதான் போகிறது. ஆனால் கியூபெக் வார்டு மருத்துவருக்கு ஒரு சுற்றுலா விசாக்காரரை நாலு நாள் கூடுதலாக வைத்திருக்க எந்த ஆசையும் இல்லை. கீழே தள்ளுகட்டிலில் அடுத்தவர் காத்திருக்கிறார். கட்டில் இவ்வளவு அரிதான ஊரில், வைத்துக்கொள் என்று மருத்துவர் சொன்னாலே அது பலமான சாட்சியம். ஒப்பந்தத்தை நிறைவேற்றும் நிறுவனமும் அதைப் பரிசீலிக்கும் நீதிமன்றமும் இதை எடையில் சேர்க்க வேண்டும்.

சட்டம் இங்கே முற்றாகக் கைவிடவும் இல்லை. கியூபெக் சிவில் சட்டக்கோவையின் 2404ஆம் பிரிவு, ஆட்காப்புறுதியில் பொருத்தமான தலைப்பின்கீழ்த் தெளிவாகக் குறிக்கப்படாத விலக்கை நிறுவனம் கையாள முடியாது என்கிறது. 2417ஆம் பிரிவு, விண்ணப்பத்தில் நீங்கள் அறிவித்த நோயை விலக்க வேண்டுமானால் அதைப் பெயர் சொல்லி விலக்க வேண்டும் என்கிறது. 1432ஆம் பிரிவின்படி ஐயம் வந்தால் ஒப்பந்தத்தை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும். இருந்தும் பெரும்பாலான குடும்பங்கள் மறுப்புக் கடிதத்தைக் கண்டதும் கடன் அட்டையை எடுத்துவிடுகின்றன.

ஆகவே பெற்றோரை அழைக்கப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. டிக்கெட் வாங்கும் முன் ஒப்பந்தத்தில் 'அவசரம் முடிதல்' பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். மாத்திரை மாற்றம் ஒன்றையும் மறைக்காதீர்கள். வார்டில் இருக்கும்போதே, இன்று வீட்டுக்கோ விமானத்துக்கோ அனுப்புவது ஏன் ஆபத்து என்பதை மருத்துவரிடம் திகதியோடு எழுத்தில் கேளுங்கள். பிரெஞ்சில் இருந்தாலும் பரவாயில்லை. மறுப்பு வந்தால் எந்தப் பிரிவின்கீழ் என்று எழுத்தில் வாங்குங்கள், வைத்தியசாலையின் ஆவணப் பிரிவில் கோப்பின் பிரதியை எடுங்கள். நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதி, அது பலிக்காவிட்டால் நிதிச் சந்தை அதிகாரசபைக்குக் கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். 15,000 டொலர்வரை என்றால் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே நிற்கலாம். வழக்குத் தொடரப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.